காயுமில்லை, கனியுமில்லை

பன்னிரண்டாம் நாள் காலையும் டீச்சர் அந்தப் பப்பாளியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சுவரை அழுத்தியதுபோல இருந்தது. நிறத்தில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி பளபளவென்று, வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே சாப்பாட்டு மேஜைமீது உட்கார்ந்திருந்தது. காம்புப் பக்கம் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு. அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை. வெட்டினார். உள்ளே சுரைக்காய்போல வெளிறிய சதை. கத்தி இறங்க மறுத்தது. பழுக்காமலே அழுக ஆரம்பித்துவிட்டது பழம்.

தில்லி மயூர் விகாரின் அடுக்கு வீடுகளில் இது வாரம் ஒருமுறை நடப்பதுதான். 'காலம் கெட்டுப் போச்சு' என்று சொல்லிவிட்டு, குப்பையில் போட்டுவிட்டு, அடுத்ததை வாங்கப் போவார்கள். டீச்சரால் அப்படிப் போக முடியவில்லை. அவர் வீட்டில் பழம் என்பது சாப்பாட்டுக்குப் பிறகு வருவது அல்ல. பல நாட்களில் அதுதான் சாப்பாடு.

அவருடைய கணவர் மத்திய அரசில் 34 ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். 2023 டிசம்பரில் ஒரு விடியற்காலை பக்கவாதம் தாக்கியது. வலது கை ஓரளவு திரும்பி வந்தது. பேச்சு, சில சொற்கள் மட்டும் வந்தன. விழுங்கும் சக்தி வரவில்லை. இந்த நோயின் கொடுமை வெளியே தெரியாதது. தொண்டைத் தசைகள் சொன்னபடி கேட்பதில்லை. மூச்சுக்குழாயின் மூடி உரிய நேரத்தில் மூடுவதில்லை. எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் ஆபத்து. மெல்லிய திரவம் கண்ணிமைக்கும் நேரத்தில் வழி தவறி நுரையீரலுக்குள் போய்விடும். கட்டியும் ஆபத்து. தண்ணீரும் கட்டியும் கலந்தது இன்னும் மோசம். நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒன்று இருக்கிறது: கெட்டியாக, வழவழவென்று, ஒரு திப்பிகூட இல்லாமல் மசித்தது.

ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த இளம்பெண் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். குழைந்த சாதம், தயிர், பருப்பு, நன்கு கனிந்த வாழைப்பழம், நன்கு கனிந்த பப்பாளி, மாம்பழம். 'நன்கு கனிந்த' என்பதன் கீழே இரண்டு கோடு. அது எங்கே கிடைக்கும் என்று எழுதவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு மாலை. பப்பாளியைக் கரண்டியால் மசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் டீச்சர். புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு மசியாமல் தப்பியிருந்தது. கணவருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு இருமலும் வரவில்லை. முகம் சிவந்து, உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பையன் ஓடிவந்து, முன்னால் குனியவைத்து, முதுகில் ஓங்கித் தட்டினான். துண்டு வெளியே வந்து விழுந்தது. அதைத் தரையிலிருந்து எடுத்து விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தார் டீச்சர். நசுங்கவில்லை.

அதன்பின் இரண்டு வாரம் வீட்டில் பழமே கிடையாது. கணவர் இடது கையால் பழத்தட்டைக் காட்டினார். டீச்சர் பார்க்காத மாதிரி இருந்தார். அந்தக் காலத்தில் கன்னாட் பிளேஸில் பஸ் ஏறும்போதெல்லாம் வலைப்பையில் ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு வீடு வந்த மனிதர் அவர். மூன்றாம் வாரம் தட்டை மேஜையிலிருந்து கீழே தள்ளிவிட்டார்.

"மிக்ஸியில் அடித்துக் கொடுக்கலாமே" என்று சொல்லாதவர்கள் இல்லை. புனேயிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னான். செய்து பார்த்தார். காய்ந்த மாதிரி இருந்த பப்பாளியிலிருந்து தண்ணீர் தனியாக, மணல்மணலாகச் சதை தனியாக வந்தது. எது கூடாது என்று பட்டியல் போட்டார்களோ அதுவேதான். ஆப்பிளை வேகவைத்து மசித்தார். நன்றாகவே வந்தது. நாலு நாள் சாப்பிட்ட கணவர் ஐந்தாம் நாள் வாயை இறுக மூடிக்கொண்டார். வெந்த ஆப்பிள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு, பழம் வேறு. 78 வயதில், வாய் ருசி ஒன்றுதான் மிச்சம் என்றிருப்பவரிடம் இதற்குமேல் வாதாட முடியாது.

அப்போதுதான் பழம் ஏன் பழுக்க மாட்டேன் என்கிறது என்று தெரிந்துகொள்ளத் தீர்மானித்தார் டீச்சர். தில்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவர். கால்சியம் கார்பைடோடு தண்ணீர் சேர்ந்தால் அசிட்டிலீன் வரும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். சமன்பாடு சாப்பாட்டு மேஜைக்கு வரும் என்று நினைத்ததில்லை.

வீட்டுக்கு அருகே கண்ணாடிக் கதவு போட்ட, குளிரூட்டிய கடை ஒன்று இருக்கிறது. பழங்களெல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசை. அங்கே போய் டீச்சர் செய்த முதல் காரியம், ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்ததுதான். கடைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆப்பிள், பப்பாளி, மாம்பழம், தக்காளி எல்லாவற்றிலும் ஒரே வாசனை: குளிர்பதனப் பெட்டியின் வாசனை.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவருக்குப் பழம் என்பது முதலில் மூக்குக்குத்தான் வரும். வைக்கோலில் மூடிவைத்த மாங்காய் பழுத்துவிட்டதா என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. கூடத்தில் வாசனை வந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றே. பழம் தன் மூச்சோடு எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பட்டால் பக்கத்துப் பழம் பழுக்கிறது. அதுவும் எத்திலீன் விடுகிறது. வைக்கோலும் அரிசிப் பானையும் வாயு வெளியே போகாமல் பிடித்து வைக்கின்றன. மூட்டத்துப் புகையிலும் எத்திலீன் உண்டு. இதைப் பாட்டிகள் அறிந்திருந்தார்கள், பெயர்தான் தெரியாது. பெயர் வைத்தவர்களும் தற்செயலாகத்தான் வைத்தார்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நெல்யூபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்தில் பட்டாணி முளைகள் கோணல்மாணலாக வளர்வது ஏன் என்று குடைந்து, விளக்கு எரிக்கும் நிலக்கரி வாயுவிலுள்ள எத்திலீன்தான் காரணம் என்று 1901-ல் எழுதினார். பழம் தானே அதை உண்டாக்குகிறது என்று 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் ஆப்பிளை வைத்து நிரூபித்தார்.

எல்லாப் பழமும் இப்படி அல்ல. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி ஆகியவை பறித்த பிறகு பழுக்காது, புளித்தது புளித்ததுதான். வாழை, மா, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, ஆப்பிள், தக்காளி ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும். இந்த இரண்டாம் வகையின் நல்ல குணம்தான் அவற்றுக்கு வினையாக முடிந்தது. 'பிறகு பழுத்துக்கொள்ளும்' என்று முன்கூட்டியே பறிக்கலாம் அல்லவா?

அந்தப் 'பிறகு' எப்போது, யார் வீட்டில் என்பதை டீச்சருக்கு விளக்கியவர் தள்ளுவண்டிக்காரர்தான்.

பீகாரின் சமஸ்திபூரிலிருந்து வந்தவர். குடியிருப்பின் வாசலில் பல வருடமாக வண்டி போடுகிறார். விடிவதற்குள் காஜிப்பூர் மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். "இதெல்லாம் என்ன பழம்?" என்று டீச்சர் கோபமாகக் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. ஒரு பப்பாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மேடம்ஜி, இது தூரத்திலிருந்து லாரியில் வருகிறது. வழியில் இரண்டு நாளோ மூன்று நாளோ. பழமாகப் பறித்தால் இங்கே வந்து சேருவது சாறுதான். அதனால் பச்சையாகப் பறிக்கிறார்கள். மண்டிக்காரருக்கும் பச்சை வேண்டும், எனக்கும் பச்சை வேண்டும். ஏன் தெரியுமா? நீங்கள் எல்லோரும் அழுத்திப் பார்க்கிறீர்கள். மெத்தென்று இருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறீர்கள். பத்துப் பேர் அழுத்தினால் அது என் பழம் இல்லை, குப்பை வண்டிப் பழம். பழுத்த பழம் எனக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். பழுக்காத பழம்தான் என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம்."

இந்த வாதத்துக்கு டீச்சரிடம் பதில் இல்லை. அவரும் 40 ஆண்டுகளாகத் தில்லியில் அழுத்திப் பார்த்துக் கீழே வைத்தவர்தான்.

பப்பாளி விஷயத்தில் இன்னொரு சிக்கல். இப்போது வண்டிகளில் நிறைய வருவது 'தைவான் 786' என்று சந்தை அழைக்கும் ரகம். தைவான் நிறுவனம் ஒன்றின் 'ரெட் லேடி' கலப்பினம்; கெட்டிச் சதை, நெடும் பயணத்தைத் தாங்கும். நல்ல ரகம்தான், முற்றிப் பறித்தால். பப்பாளித் தோலில் முதல் மஞ்சள் கோடு விழுவதற்குமுன் பறித்துவிட்டால் அது சரியாகப் பழுக்காது. பழுத்தாலும் இனிக்காது. வாழைக்காயில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. பறித்த பின் அது சர்க்கரையாக மாறும். பப்பாளியில் அப்படிச் சேமிப்பு கிடையாது. மரத்திலிருக்கும்போது இலை அனுப்பிய சர்க்கரை எவ்வளவோ அவ்வளவுதான். போதாக்குறைக்கு, வெப்ப நாட்டுக் காயைக் கடைக்காரர்கள் குளிரில் வைக்கிறார்கள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் கிடந்தால் பப்பாளிக்குப் பழுக்கும் வழியே மறந்துபோகும். சதையில் அங்கங்கே கட்டி தட்டும். வெளியே எடுத்து வைத்தால் நேராக அழுகல்தான்.

கணவரின் தொண்டையில் நின்ற துண்டு அந்தக் கட்டியாக இருந்திருக்கலாம். டீச்சர் அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டு தூங்கவில்லை.

வாழைப்பழத்தின் கதை வேறு. உலகம் முழுக்க வாழையைப் பச்சையாகத்தான் வெட்டுகிறார்கள், அதில் தப்பில்லை. தில்லிக்கு மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் பக்கமிருந்து வண்டி வண்டியாக வரும் பெரிய வாழை, ஊரில் மோரிஸ் என்று சொல்வதன் உறவுக்காரன். முறைப்படி செய்தால் மூடிய அறையில் 16 முதல் 18 டிகிரி வரை வைத்து, ஒரு நாள் மட்டும் மிகக் குறைந்த அளவு எத்திலீன் விட்டு, பிறகு காற்றோட்டம் கொடுத்து நாலைந்து நாளில் பழுக்கவைக்கலாம். உடலுக்கு இதனால் கேடு இல்லை. காய் தானே விடும் வாயு அது. அவசரப்பட்டால்தான் தோல் மஞ்சளாகி நடுத்தண்டு மரக்கட்டையாக நிற்கும். தில்லி வானிலையும் தன் பங்குக்கு விளையாடும். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைத் தோல் சாம்பல் பூத்து, பழுப்பது நின்றுபோகும். தில்லியின் ஜனவரி இரவு முழுக்க வண்டியில் கிடந்த சீப்பு அதனால்தான் எத்தனை நாள் வைத்தாலும் தேறுவதில்லை. மே மாதம் நேர்மாறு. வெயில் உச்சத்தில் இந்த ரகத்தின் உள்ளே சதை பழுத்துவிடும். தோல் மட்டும் பச்சையாகவே நிற்கும். ஆகக் குளிர்காலத்தில் மஞ்சளை நம்பக் கூடாது, கோடையில் பச்சையை நம்பக் கூடாது.

மாம்பழத்துக்கு மண்டியில் ஒரு பரிபாஷை உண்டு. மரத்திலேயே பழுத்து உதிர்ந்தால் 'டப்கா'. வைக்கோல், காகிதம் போட்டு மூடிப் பழுக்கவைத்தால் 'பால்'. பெட்டிக்குள் பொட்டலம் போட்டால் 'மசாலா'. மசாலா என்பது கார்பைடு கல். காயின் ஈரத்தில் கல் கரைந்து அசிட்டிலீன் வரும். எத்திலீனுக்கு ஏழை உறவுக்காரன் அது. தோலை மஞ்சளாக்கும் சுறுசுறுப்பு, சதையைக் கனியவைப்பதில் இருப்பதில்லை. கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருப்பதால்தான் பழைய கலப்படத் தடை விதிகளிலேயே அதற்குத் தடை. 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் தடை செய்தன. 2016-ல் பத்து லட்சத்தில் 100 பங்குவரை எத்திலீன் வாயுவை விட்டுப் பழுக்கவைக்க அனுமதியும் கிடைத்தது. சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வாயு அறை கட்டப் பணம் வேண்டும், பொட்டலம் மலிவு.

இதற்கிடையில் ஏப்ரல் தொடக்கத்தில் குளிர்பதனப் பெட்டியின் கீழறையைத் துடைக்கும்போது, ஜனவரியில் வாங்கி மறந்துபோன இரண்டு ஆப்பிள்கள் கிடைத்தன. ஒரு சுருக்கம் இல்லை. கன்னம் மின்னியது. எதிர்வீட்டு அம்மாளை அழைத்துக் காட்டியது டீச்சர் செய்த தவறு. அந்த அம்மாள் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு படம் காட்டினார்: கத்தியால் ஆப்பிளைச் சுரண்ட, வெள்ளைத் தூளாக மெழுகு உதிர்கிறது. "விஷம், விஷம். பிளாஸ்டிக்" என்றார். அடுத்து தக்காளிக்குத் தாவினார். எல்லாத் தக்காளியும் மரபணு மாற்றியதாம்.

டீச்சர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஆப்பிள் மரத்திலேயே தன்மேல் மெழுகு பூசிக்கொண்டுதான் வளர்கிறது. கழுவும்போது அது போய்விடுவதால் தேன் மெழுகோ, பிரேசில் நாட்டுப் பனை இலை மெழுகோ, அரக்கோ மெல்லிசாகப் பூசுவார்கள். பூசியதை அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நம் சட்டமும் அதை அனுமதிக்கிறது. தக்காளியில் தில்லியின் தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மையிலேயே ஒரு வித்தை செய்தார்கள். சதையை இளகவைக்கும் இரண்டு நொதிகளை அடக்கி, 45 நாள் கெட்டியாக நிற்கும் தக்காளியை 2010-ல் அறிவித்தார்கள். அது கடைக்கு வரவில்லை. மரபணு மாற்றிய தக்காளி எதுவுமே இந்தியாவில் விற்பனைக்கு வந்ததில்லை. பந்து மாதிரி துள்ளும் நம் தக்காளி, லாரிக்காகத் தோல் தடிக்கும்படி வழக்கமான முறையில் ஒட்டிக் கலந்து உருவாக்கிய கலப்பினம்தான். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மிச்சமிருக்கும் வாசனையையும் கொல்வது நாம். எதிர்வீட்டு அம்மாள் கேட்டுக்கொண்டார். மறுநாள் இன்னொரு படம் அனுப்பினார்.

அந்த ஆப்பிளின் ரகசியம் மெழுகில் இல்லை, மூச்சில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 1 முதல் 3 சதவீதத்துக்கு இறக்கி, உறைநிலைக்குச் சற்று மேலே குளிரவைத்தால் ஆப்பிள் மிக மெதுவாக மூச்சு விடும். மாதக்கணக்கில் மூப்படையாது. கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இருவர் 1920-களில் கண்ட வழி இது. காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்தில் லாசிபோராவில் இப்படிப்பட்ட கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் பறித்தது கோடையில் தில்லிக்கு வரும். அறுவடைச் சமயத்தில் லாரி கிடைத்தால் போதும் என்று கிடைத்த விலைக்கு விற்ற தோட்டக்காரருக்கு இதனால் காத்திருக்கும் தெம்பு வந்தது. இதைக் குறை சொல்ல ஏதும் இல்லை.

வெளிநாடுகளில் இன்னொரு படி மேலே போனார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லர், பிளாங்கன்ஷிப் என்ற இருவர் 1990-களில் கண்டுபிடித்த 1-எம்சிபி என்ற வாயு, எத்திலீன் வந்து உட்கார வேண்டிய இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. எத்திலீன் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். ஆப்பிளுக்குத் தனக்கு வயதாகிறது என்பதே தெரியாது. 2002-ல் அமெரிக்கா இதைப் பழங்களுக்கு அனுமதித்தது.

இது தெரிவதற்குமுன் டீச்சர் ஒரு சோதனை செய்திருந்தார். பழுக்காத பப்பாளியோடு ஓர் ஆப்பிளைக் காகிதப் பையில் போட்டு மூடிவைத்தால் ஆப்பிளின் எத்திலீனால் பப்பாளி பழுக்கும் என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. கண்ணாடிக் கடையிலிருந்து விலை உயர்ந்த இறக்குமதி ஆப்பிளாகப் பார்த்து வாங்கிப் போட்டார். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் இரண்டும் போட்டபடியே இருந்தன. தூங்குமூஞ்சியை எழுப்ப இன்னொரு தூங்குமூஞ்சியைத் துணைக்கு அனுப்பியதுபோல ஆகியிருக்க வேண்டும்.

யார்மேலும் பெரிய குற்றம் இல்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டுவது. கார்பைடு பொட்டலம் போடுபவரை விட்டுத்தள்ளுவோம்; அவர் குற்றவாளிதான். மற்ற எல்லோரும் நியாயமானவர்கள். தோட்டக்காரர் லாரிக்காகப் பறிக்கிறார். லாரி மண்டிக்காக ஓடுகிறது. மண்டி கடைக்காகக் குளிரில் வைக்கிறது. கடை கண்ணுக்காக அடுக்குகிறது. பழம் இன்றைக்குப் பழுத்துவிடக் கூடாதே என்பது ஒவ்வொருவரின் கவலையாகவும் இருக்கிறது. அது ஒரு நாள் பழுத்தாக வேண்டும் என்பது மட்டும் யாருடைய வேலையும் அல்ல. சொல்லாமல் கொள்ளாமல் அந்த வேலை வாங்குபவரின் சமையலறைக்கு வந்துவிட்டது. சமையலறையோ அரிசிப் பானையையும் வைக்கோலையும் எப்போதோ தலைமுழுகிவிட்டது.

வேலையை எடுத்துக்கொள்வது என்று டீச்சர் முடிவு செய்தார். கண்ணாடிக் கடைக்குப் போவதை நிறுத்தினார். குளிரில் கிடக்காத, தோலில் மஞ்சள் கோடு விழுந்த பப்பாளி மட்டும்தான். வாழைப்பழம் மூன்று நாளுக்கு ஒரு சிறு சீப்பாக வாங்கி, சமையலறை ஆணியில் தொங்கவிட்டார். எது எந்த நாளுக்கு என்று சுவர்க் காலண்டரில் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை போட்ட கை. முதல் மாதம் பாதி தவறியது.

திருப்பம் தள்ளுவண்டியில் வந்தது. ஒரு மாலை வண்டியடியில், கூடையில், கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழங்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார். 'தாகி' என்றார் வண்டிக்காரர். கறை பட்டது. யாரும் தொடாதது, ராத்திரி மாட்டுக்குப் போடுவது. டீச்சர் ஒன்றை உரித்து விரலால் நசுக்கினார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. வாசனை வந்தது. அவ்வளவையும் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் தொடர்ந்து அதையே கேட்டு வாங்கியபோது வண்டிக்காரருக்கு வருத்தமாகிவிட்டது. பென்ஷன் வாங்குகிற வீட்டு அம்மாள், நல்ல பழத்துக்குக் காசில்லாமல் மாட்டுப் பழம் வாங்குகிறாரே என்று. "வேண்டாம் மேடம்ஜி, நல்லதே எடுங்கள், பிறகு கொடுங்கள்" என்றார் தணிந்த குரலில். டீச்சர் அன்றுதான் கணவரின் கதையைச் சொன்னார். வண்டிக்காரர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பாதி விலைக்குமேல் வாங்க மறுத்தார். ஆறு பழம் எப்போதும் சாக்குக்கு அடியில் இருந்தன. பப்பாளியில் நன்றாகப் பழுத்ததைப் பாதியாக வெட்டி, நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். வாரம் ஒருமுறை 'பாபுஜி எப்படி இருக்கிறார்?' என்று விசாரிப்பு. மற்ற வாடிக்கையாளர்கள் அழுத்திப் பார்த்துக் கீழே வைத்ததெல்லாம் மூன்றாம் மாடிக்கு ஏறியது.

ஏப்ரல் கடைசியில் சஃபேதா வந்தது. தில்லிக்காரர்கள் சஃபேதா என்பது நம் பங்கனபள்ளியைத்தான். ஆந்திரத்திலிருந்து வட இந்தியப் பழங்களுக்கெல்லாம் முன்னே வந்துவிடும். பட்டியலில் இருந்த மாம்பழத்துக்கு இதைவிடப் பொருத்தமான ரகம் கிடையாது, நார் இல்லாதது. "பழுத்தது வேண்டாம். பொட்டலம் போடாத பெட்டியிலிருந்து முற்றிய காயாக நாலு" என்றார் டீச்சர். வண்டிக்காரர் தெரிந்த மண்டிக்காரரிடம் சொல்லிக் கொண்டுவந்தார். தோள் புடைத்து, காம்பு சற்றே உள்வாங்கியிருந்த நாலு காய்கள். தாம்பாளத்தில் வைத்துப் பார்த்துத் திருப்தியானார் டீச்சர். மயூர் விகாரில் வைக்கோலுக்கு எங்கே போவது? பார்சல் வந்த அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், கூடவே இரண்டு தாகி வாழைப்பழம். மூடி, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கணவருக்குச் சொல்லவில்லை. ஆசை காட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்ற பயம்.

ஐந்தாம் நாள் மத்தியானம். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்த கணவர் திடீரென்று தலையைத் தூக்கினார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். இடது கையை சமையலறைப் பக்கம் நீட்டினார்.

டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்த பிறகுதான் வாசனை முகத்தில் அடித்தது. ஒன்றை எடுத்து வந்து அவர் மூக்கருகே பிடித்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு முயற்சி செய்தது.

"இன்னிக்கா?"

டீச்சர் காம்போரம் மெல்ல அழுத்திப் பார்த்தார். மெத்தென்று ஆரம்பித்திருந்தது, நடுவில் இன்னும் கொஞ்சம் கெட்டி.

"நாளைக்கு" என்றார்.

ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு தரம் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார் கணவர்.